ஆறாத விரல்

"சார், உங்க வீட்ல மீன் தொட்டி ஏதாவது இருக்கா?"

தோல் டாக்டர் ஜான்சி இப்படிக் கேட்டதும் கஸ்தூரிரங்கன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"மீனா? எங்காத்துலயா?"

"நன்னாக் கேட்டேள் போங்கோ!" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் மனைவி காமுவும் சேர்ந்துகொண்டாள். "நாங்க சுத்த வெஜிடேரியன் டாக்டர். தெருவுல மீன் வண்டி வந்தாலே நான் ஜன்னலைச் சாத்திடுவேன்."

"சமைக்கிற மீன் இல்லம்மா. அழகுக்கு வளப்பாங்களே, கப்பி, கோல்டு ஃபிஷ்..."

"அதுவும் கிடையாது" என்றாள் காமு.

கஸ்தூரிரங்கனின் வலது கை நடுவிரலில் வரிசையாக மூன்று சிவப்புக் கட்டிகள். நாலு மாதமாக ஆறவில்லை. சேலையூரில் உள்ள அத்தனை மருந்துக்கடையிலும் மாத்திரை வாங்கி விழுங்கியாயிற்று. அவர் பாட்டுக்கு விட்டிருப்பார். காமுதான் விடவில்லை. "இது என்னன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்" என்று காலையிலேயே ஆட்டோவை வரவழைத்துவிட்டாள்.

"இது மீன் தொட்டியில இருந்து வர்ற கிருமி மாதிரி இருக்கு சார். டி.பி. கிருமிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். இது வந்த மீன் மெலிஞ்சு, முதுகு வளைஞ்சு போயிடும். கையில ஒரு கீறலோட அந்தத் தண்ணியைத் தொட்டாப் போதும், நமக்கு ஏறிக்கும். சாதாரண ஆன்டிபயாடிக் இதுக்குக் கேக்காது. விட்டா எலும்பு வரைக்கும் போகும். இன்ன கிருமின்னு நான் எழுதி அனுப்பினாத்தான் லேப்ல அதைத் தேடுவாங்க. யோசிச்சு சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? மீனாவது தொட்டியாவது!"

முப்பத்து மூன்று வருஷம் பையன்களின் முழியைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் அவர். சொந்தமாக ஒரு பொய் சொல்லத்தான் வரவில்லை. ஏசி அறையில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

தொட்டி இருந்தது. பொழிச்சலூரில், மகள் சின்மயி வீட்டில்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் சின்மயி தன்னோடு வேலை பார்த்த ஜோஷ்வாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது, "எனக்குப் பொண்ணே பொறக்கலை" என்று கத்தியவர் இவர்தான். காமு கத்தவில்லை. மகளின் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிப் பரணில் போட்டாள். அதற்குப் பிறகு அவள் பெயரைக்கூட எடுக்கவில்லை. கத்திய கோபம் கத்தியதோடு இறங்கிவிட்டது. காமுவின் கோபம் எங்கே இருக்கிறது என்றே தெரியாததால், கஸ்தூரிரங்கன் அதற்கு ரொம்பவே பயந்தார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு வருஷமாகச் சனிக்கிழமை தோறும், திருநீர்மலைப் பெருமாளைச் சேவிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பேரனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். பேரனின் மீன் தொட்டியைக் கழுவிக் கொடுப்பதும் அவர்தான். முதுகு வளைந்த ஒரு மீனையும் பார்த்திருந்தார். பாவம், வயசாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

இது தெரிந்தால் காமு இந்த ஜன்மத்தில் தன்னோடு பேசமாட்டாள். விரல் போனால் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டார்.

டாக்டர் மருந்துச் சீட்டில் எழுத ஆரம்பித்தார். "எதுக்கும் சொல்றேன் சார். தெரிஞ்சவங்க யாராவது மீன் வளத்தா, குழந்தைங்க அந்தத் தண்ணியில கை விடாம பாத்துக்கச் சொல்லுங்க."

கஸ்தூரிரங்கனுக்குத் திக்கென்றது. பேரன் டெனிஸுக்கு அஞ்சு வயசு. முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு மீனைத் துரத்துவான்.

"டாக்டர்... தொட்டி இருக்கு. பொழிச்சலூர்ல, எங்க பொண்ணு ஆத்துல. நான்தான் வாராவாரம் போய்க் கழுவறேன். அங்க குழந்தை இருக்கான் டாக்டர், அவனுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"பயப்படாதீங்க. குழந்தையை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்."

காமு பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. காமுவும் அவரைப் பார்க்கவில்லை. டாக்டரிடம்தான் கேட்டாள்.

"டாக்டர், இது ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்கு ஒட்டிக்குமா?"

போச்சு, இனிமேல் தட்டும் டம்ளரும் தனி என்று கஸ்தூரிரங்கன் நினைத்துக்கொண்டார்.

"ஒட்டாதும்மா. அந்தத் தொட்டித் தண்ணியில கை வெச்சவங்களுக்குத்தான் வரும்."

காமு பெருமூச்சு விட்டாள். பிறகு தன் வலது கையை மேஜைமேல் விரித்து வைத்தாள். ஆள்காட்டி விரலில், புதிதாக, அதே சிவப்பில் ஒரு கட்டி.

"அப்படின்னா இதையும் பாருங்கோ. நான் போறது செவ்வாய்க்கிழமை."