மூன்றாம் ஓலை

புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் எஸ்தர்மணி கண்ணை மூடிக்கொண்டு ஒரே வரிதான் ஜெபித்தாள்: "ஆண்டவரே, நம்ம ஹெப்சிபா அந்தப் பழைய சிநேகத்தை மறந்துட்டு நல்லபடியா வாழணும்." எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அந்த ஆமென் நான்கே நாளில் மாப்பிள்ளை வீடு வரை போய்விட்டது.

ஞாயிறு ஆராதனையில் ஹெப்சிபாவின் கலியாணத்துக்கு மூன்றாவது, கடைசி அறிவிப்பு ஓலையை வாசித்த குருவானவர், "தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று நிமிர்ந்தார். கோயிலே திரும்பி எஸ்தர்மணியைப் பார்த்தது. ஹெப்சிபாவின் அம்மா மட்டும் பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். அந்த அம்மாவின் காதோடு மன்னிப்புக் கேட்டுவிடலாம்தான் என்று எஸ்தர்மணிக்குத் தோன்றியது. ஆனால் பேசியது பத்துப் பேர் நடுவில் அல்லவா?

எஸ்தர்மணி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"தடை ஒண்ணும் இல்ல ஐயா. ஊர்ல சுத்துற பேச்சு என் வாயிலேர்ந்து வந்தது. நான் கண்ணால எதையும் பாக்கல. தையல்கடையில காதுல விழுந்ததை ஜெபம்னு சொல்லிப் பரப்பிட்டேன்."

"சரிம்மா, உட்காருங்க."

ஆண்கள் பக்கம் முன்வரிசையில் மாப்பிள்ளையின் அப்பா அசையாமல் இருந்தார்.

"அண்ணாச்சி, கேட்டுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றாள் எஸ்தர்மணி. "அப்புறம் உக்காருதேன்."