பதினெட்டுப் பச்சைக் கைகள்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: இரண்டு வயதும் சில்லறையும் நிரம்பிய கலைஞர்கள் பத்தொன்பது பேர், தத்தம் சொந்தக் கையாலேயே கிறிஸ்துமஸ் பரிசு செய்து பெற்றோருக்கு வழங்கும் மாபெரும் விழா, இன்று நண்பகல் பன்னிரண்டு மணிக்கு.

மழலையர் பள்ளியின் கதவில் தொங்கிய அறிவிப்பை முதல்வர் அம்மையாரே எழுதி, அவரே கையெழுத்திட்டு, கீழே தம் படத்தையும் அவரே ஒட்டியிருந்தார்.

மணி பத்தரை.

கலைஞர்களில் ஒருவர் மேசைக்கடியில் இருந்தார். இருவர் ஒரே நாற்காலிக்காகக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தனர். ஒருவர் கால்சட்டையை நனைத்துவிட்டு, வேறு யாரோ செய்த காரியம்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன இடத்தில் சொன்னபடி உட்கார்ந்திருந்தது, பொம்மை மூலையில் இருந்த ஆளுயர ரப்பர் பொம்மை மட்டும்தான். ஆளுயரம் என்றால் அங்கிருந்த ஆட்களின் உயரம்.

செய்ய வேண்டியது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. உள்ளங்கையில் பச்சை பெயிண்ட் தடவி, வெள்ளை அட்டையில் ஓர் அழுத்து. விரல்கள் கிளைகள். அடியில் பழுப்புத் தாளில் தண்டு, உச்சியில் தங்க நட்சத்திரம். மரம் தயார். தண்டையும் நட்சத்திரத்தையும் டீச்சர் நேற்றே ஒட்டிவிட்டாள். சொந்தக் கை மட்டும்தான் பாக்கி.

அதுதான் வரவில்லை.

பெயிண்ட் ஐஸ் மாதிரி இருந்தது. முதல் குழந்தை தொட்டது, வீல் என்றது. அவ்வளவுதான், பத்தொன்பது பேரும் கையை இறுக மூடிக்கொண்டார்கள். எந்தத் தொழிற்சங்கத்திலும் இப்படியொரு ஒற்றுமையை டீச்சர் பார்த்ததில்லை.

பள்ளி முழுக்கக் கடிவீரன் என்று பேரெடுத்த பொடியன் மட்டும் அட்டையை ஆசையாக வாங்கினான். ஓரத்தில் நறுக்கென்று ஒரு கடி. வேலை முடிந்த திருப்தியுடன் திருப்பிக் கொடுத்தான்.

முதல்வர் எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், இன்னும் ஒண்ணுகூட ஆகலையா? விரலைப் பிரிச்சு வச்சு அழுத்துங்க. அழுதா அழட்டும், அஞ்சு நிமிஷத்துல எல்லாம் மறந்துடும். உங்களால முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, ஜனவரியில வேற ஆளப் பாத்துக்கறேன்."

போன வருடம் டீச்சர் பிரித்தாள். பட்டாணி உரிப்பதுபோல, ஒவ்வொரு விரலாக.

அந்தக் குழந்தைகளில் ஒன்று, ஜனவரி முழுக்க அவளைக் கண்டாலே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

டீச்சர் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள்.

பதினொன்றே முக்காலுக்குக் கதவு திறந்தபோது, கொடியில் பதினெட்டு அட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. பதினெட்டிலும் கொழுகொழுவென்று ஒரு பச்சைக் கை. பத்தொன்பதாவதில் கடி.

"பாத்தீங்களா, மனசு வச்சா நடக்குது!" முதல்வருக்கு முகமெல்லாம் பல். "ரொம்ப அழுதுச்சுங்களா?"

"ஒண்ணுகூட அழலை, மேடம்."

"அந்தக் கடிச்சதைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, அவனுக்கும் ஒரு கை வச்சிடுங்க."

"அது அவனா செஞ்சது, மேடம். அதுதான் அவங்க வீட்டுக்குப் போகும்."

அந்த 'மேடம்' வெறும் சொல்லாக இருந்தது. அதற்குள் மரியாதை இல்லை. முதல்வர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் பெற்றோர்கள் செருப்பைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள்.

முதல்வர் பதினான்கு நிமிடம் பேசினார். ஒவ்வொரு குழந்தையின் கையும் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அதைப்போல் இன்னொன்று கிடையாது என்று முடித்தபோது அவருடைய கண்ணே கலங்கிவிட்டது.

பிறகு அட்டைகள் கைமாறின.

ஓர் அப்பா கட்டைவிரலைத் தடவி, "அப்படியே எங்கப்பா விரல்ங்க" என்றார். இன்னொருவர் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, இது அறுவை சிகிச்சை செய்யப்போகிற கை என்று முடிவு கட்டினார். ஓர் அம்மா அட்டையைப் பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினாள். "ஆயுள் ரேகை எவ்வளவு நீளம் பாருங்களேன்!"

கடிவீரனின் அம்மா துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள். சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள். அட்டையை முன்னும் பின்னும் திருப்பினாள். தண்டு இருந்தது, நட்சத்திரம் இருந்தது. கை இல்லை.

முதல்வர் துக்க வீட்டு முகத்துடன் நெருங்கினார்.

அந்த அம்மா சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினாள். முன்கையில் அதே பிறை வடிவத் தடம், அதே இடத்தில் ஒரு பல் அளவு இடைவெளி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"என் புள்ளையேதான்," என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல். "கையெழுத்தே போட்டிருக்கான்."

கூட்டம் கலைந்தது. பரிசுகள் வீடுகளுக்குப் போயின. ஒரு குழந்தையின் நகக்கண்ணில்கூடப் பச்சை இல்லை.

டீச்சர் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பொம்மை மூலைக்குப் போனாள். கழுவ வேண்டிய கை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இன்னமும் விரல்களை அழகாக விரித்து நீட்டியபடி, சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

ரப்பர் பொம்மைக்கு ரேகை கிடையாது.