பிரிண்டர் இன்னும் ஓடவில்லை

இணையத்தில் நாங்கள் நடத்தும் கணினி உதவி மன்றத்தில் ஒரு கேள்வித் திரிக்குத் 'தீர்ந்தது' என்று முத்திரை குத்திவிட்டால், அதன்பிறகு யாரும் அதில் எழுத முடியாது. குத்தும் அதிகாரம் என்னிடம். வீட்டில் என் பேச்சை மிக்சிகூடக் கேட்பதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் மிடுக்காகவே குத்துவேன். போன மாதம் தணிகாசலம் என்பவர், இறந்துபோன மனைவியின் படத்தை அச்செடுக்க வேண்டும், பிரிண்டர் ஓட மறுக்கிறது என்று எழுதினார். ஆளாளுக்கு வழி சொன்னோம். எல்லாவற்றுக்கும் அவர் பதில் ஒன்றுதான்: "பண்ணிட்டேன் தம்பி, வரலை. நீங்க சாப்டாச்சா?"

"பெருசு, அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றான் ஒருவன்.

இன்று அவர் பிரிண்டரைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். அதற்குப் பின்னால், சுவரில் ஒட்டிய ஏ4 தாளில், பளிச்சென்று அச்சாகி, காய்ந்துபோன மாலைக்குள் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். முத்திரையின் மேல் விரலை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டு, "சார், மை இருக்கான்னு ஒருதடவை பாத்தீங்களா?" என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது. "பாத்துட்டுச் சொல்றேன் தம்பி. போயிடாதீங்க."