பெத்தவகிட்டேருந்து

ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்த அந்த அம்மாள் நேரடியாகவே கேட்டாள். "இந்தச் சினைப்பை நீர்க்கட்டி பெத்தவகிட்டேருந்துதான் வருமா டாக்டர்?"

மருமகளைக் குறை சொல்ல வந்த மாமியார் என்று நினைத்த டாக்டர் எரிச்சலை விழுங்கிக்கொண்டார். "ஹார்மோன் சம்பந்தப்பட்ட ஜீன்கள்ல சின்ன மாற்றம் இருந்தா வாய்ப்பு கொஞ்சம் கூடலாம். அது அப்பா வழியாவும் வரலாம். பெத்தவளைப் பழிக்காதீங்க."

"பெத்தவளுக்கும் இதே இருந்திருந்தா?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்த அம்மாள் தலை குனிந்தாள். "பெத்தவ நான்தான் டாக்டர். எட்டு வருஷம் குழந்தையில்லாம வைத்தியம் பார்த்தேன். அவகிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல."

டாக்டர் ரிப்போர்ட்டை மூடிவைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இப்பச் சொல்லுங்க. அதுக்கப்புறம் அவ பிறந்ததையும் சேர்த்துச் சொல்லுங்க."

அந்த அம்மாள் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, வெளியே காத்திருந்த மகளை உள்ளே கூப்பிட்டாள்.