நாளைக்கு விடவேண்டிய புழுக்கள்

அறையில் இருந்தவர்கள்: விஞ்ஞானி அம்மா, சொந்தமாகச் சோள வயல் வைத்திருக்கும் உதவியாளர், தட்டுகளில் நானூறு புழுக்கள். காலையிலிருந்து பாதிப் புழுக்கள் செத்துவிட்டன.

"நாளைக்கு இதுகளைச் சோளப் பயிர்ல விட்டாத்தானே, எந்த ரகம் தாங்குதுன்னு தெரியும், அண்ணே? தவறினா அடுத்த வருஷம்தான்."

"அந்தத் தாங்குற ரகத்து விதையைத்தான் நானும் மலைபோல நம்பியிருக்கேன்மா."

"உங்க வயல்ல புழு மொய்க்குதுன்னு புலம்பினீங்களே. கொஞ்சம் அள்ளிட்டு வாங்க."

"இப்ப ஒண்ணுகூட இல்லம்மா. மனசு கேக்காம விடியக்காலையில மருந்து அடிச்சுட்டேன்."

அவள் அவர் சட்டையை முகர்ந்தாள்.

"அந்தக் கையாலயா இதுகளுக்குத் தீனி வச்சீங்க?"

"வேலைக்கு நேரமாச்சுன்னு அப்படியே ஓடியாந்துட்டேன்... அப்ப, எனக்கு விதை?"

அவள் மிச்சமிருந்த புழுத் தட்டுகளை அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தினாள். அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திப் பூட்டினாள்.