கோமளா விலகிய வரி

தமிழ் உரைநடையின் போக்கையே மாற்றப்போவதாக எழுத்தாளர் மணவாளன் அறிவித்திருந்த 'ஆழ்ந்து வாசிப்போம்' என்ற கட்டுரை, வெளியான அன்று மாலையே அழியும் நிலைக்கு வந்துவிட்டது. கடைசி வரிவரை ஒருவராவது படிக்காத எதையும் இணையம் பொழுது சாய்ந்தபின் வைத்திருப்பதில்லை. யார் எந்த வரியில் விலகினார்கள் என்பதும் அந்தந்த வரியின் ஓரத்தில் பெயரோடு தெரியும். முதல் வரியின் ஓரத்தில் அவருடைய இலக்கிய நண்பர்கள் நெரிசலாக நின்றார்கள். ஒன்பதாம் வரியில் அவர் மனைவி கோமளா தனியாக நின்றாள்.

"இருபதே வரி. அதைக்கூட உன்னால முழுசா படிக்க முடியலையா?"

"நடுவுல ஒரு நாய்க்குட்டி வீடியோ வந்துச்சுங்க. குளிக்கிறதுக்கு என்னா அடம் பிடிக்குது தெரியுமா? உங்க சிநேகிதங்க எல்லாம் வாசலோட போயிட்டாங்க. ஒன்பது வரி வந்த எனக்குத்தான் திட்டு!"

"இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாம் போயிடும், கோமளா. திரும்பப் படியேன்."

"ஒருதடவை விலகினா அவ்வளவுதான், கணக்குல சேராது. நீங்களே படிங்களேன். எழுதினவர் படிச்சாலும் படிச்சதுதானே?"

மணவாளன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார்.

கோமளா காபி போட்டு எடுத்து வந்தபோது, அவர் நாய்க்குட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் ஆறாம் வரியின் ஓரத்தில் இருந்தது.