வெட்டிய சொல்

ஒரே சொல் இரண்டு தரம் வந்தால் பிழை என்று ஒன்றை வெட்டிவிடுவார் கைலாசநாதன். அதனால் தந்தி ஆபீசில் அவருக்குப் பெயரே வெட்டுக்கத்தி.

அன்று அவருக்கே தந்தி வந்தது. பிரசவத்துக்காகச் சிதறாலுக்குப் போயிருந்த மனைவி தாணம்மாளின் அண்ணன் கொடுத்திருந்தார்: "பெண் பிறந்தது. பெண் பிறந்தது."

"மச்சானுக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியல்ல" என்று சிரித்தபடியே இரண்டாவதை வெட்டினார். வடசேரியில் ஒரு ஜோடி வெள்ளிக் காப்பு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

"இந்தா, மகளுக்கு."

தாணம்மாள் போர்வையை விலக்கினாள். உள்ளே இரண்டு குட்டி முகங்கள்.

"ஒரு ஜோடிதானா? அண்ணன் ரெண்டு தரம்லா எழுதியிருந்தாவ!"

கைலாசநாதன் தலையைச் சொறிந்தார். "ஒண்ண நான்தான் வெட்டிட்டேன், ஏட்டி."

"அப்படியா? இதுலயும் ஒண்ண வெட்டுங்கோ, பாப்போம்!"